தோப்புக்குள் ஒரு சாளை: பாலக்காட்டுக் கிழக்கில் நாமே கட்டிக்கொள்வது எப்படி?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, வண்ணாமடை பக்கம் கொஞ்சம் தோப்பு வாங்கியவர்கள் முதலில் கேட்பது போர்வெல் பற்றி. அடுத்த கேள்வி, "ராத்தங்க ஒரு சாளை (தோட்டத்துக் குடில்) நாமே போட்டுக்கொள்ள முடியுமா?" முடியும். கூரைக்கட்டு ஏற்றுகிற சில நாட்களுக்கு மட்டும் ஒரு ஆசாரியைக் கூட வைத்துக்கொண்டால், மற்றதையெல்லாம் வீட்டு ஆட்களே செய்துவிடலாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். கையில் இருக்கும் காசை முதலில் காலுக்கும் (கூரையைத் தாங்கும் தூண்கள்) கூரைக்கும் ஒதுக்குங்கள். மிச்சம் இருந்தால் சுவருக்கு. புதிதாகக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: சுவரை அழகாக எழுப்பி, சன்னலுக்குத் தேக்கு வாங்கி, கூரைக்கு வரும்போது கை வறண்டு, நாலு தகரத்தை வைத்து மேலே கல்லைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சுவர் வெடித்தால் ஒரு சட்டி மண் குழைத்து அப்பிவிடலாம். காலைக் கரையான் தின்றுவிட்டாலோ, ஆடிக்காற்று கூரையைக் கொண்டுபோய்விட்டாலோ முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

காகித வேலை

கேரளப் பத்திரத்தில் உங்கள் இடம் எந்த வகையில் சேர்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். "புரயிடம்" (வயல் அல்லாத மனை, தோட்ட இடம்) என்று இருந்தால் நல்லது. "நிலம்" என்று இருந்தால் அங்கே அது நெல்வயலைக் குறிக்கும். தமிழ் வழக்கத்தில் வாசித்து ஏமாறாதீர்கள். 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்த்தடப் பாதுகாப்புச் சட்டம் வயலை மேடாக்கிக் கட்டுவதைத் தடுக்கிறது. வில்லேஜ் ஆபீசில் கரம் (நிலவரி) கட்டிய ரசீதோடு போய்க் கேளுங்கள். வயல்களின் தரவு வங்கிப் பட்டியலில் உங்கள் சர்வே எண் வருகிறதா என்று கிருஷி பவனில் (வேளாண் அலுவலகம்) விசாரியுங்கள். ஓலைச் சாளைதானே என்று பஞ்சாயத்தைத் தாண்டிப் போகவும் வேண்டாம். கட்டுவதற்கு முன்பே போய், அளவைச் சொல்லி, என்ன அனுமதி தேவை என்று கேட்டுவிடுவது பின்னால் அலைவதைவிட எளிது. அட்டப்பாடிப் பக்கம் இடம் பார்ப்பவர்கள் கூடுதலாக ஒன்று கவனிக்க வேண்டும்: ஆதிவாசிகள் நிலம் கைமாறச் சட்டத் தடை உண்டு.

கல், மரம், மூங்கில் எதுவானாலும் கோபாலபுரம், வேலந்தாவளம், வாளையாறு வழியாக எல்லை தாண்டி வருமானால் பில்லும் பாஸும் வண்டியிலேயே இருக்கட்டும். லோடு இறக்குவதற்கு உள்ளூர்ச் சுமைத் தொழிலாளர்களிடம் வண்டி வருவதற்கு முன்பே கூலி பேசிவிடுங்கள். வேலை செய்யாமல் வாங்கும் நோக்குகூலியை 2018 மே 1 முதல் கேரள அரசு நிறுத்திவிட்டது. இறக்கிய வேலைக்குக் கூலி கொடுப்பது வேறு, அதில் பேரம் பேசிச் சண்டைக்குப் போகாதீர்கள். நாளைக்கும் அதே ஆட்கள்தான் வர வேண்டும்.

எப்போது தொடங்குவது

மார்கழியில் மூங்கிலை வெட்டி ஊறப்போடுங்கள். தையிலும் மாசியிலும் கால் ஊன்றி மேடை நிரப்பலாம். பங்குனிக்குள் கூரை ஏறிவிட வேண்டும். சுவர் வேலையைக் கூரை நிழலில் சித்திரை வெயிலில் செய்தால் மண் நன்றாகக் காயும். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்துக்கொள்ளும். அதற்குள் வேலை முடியவில்லை என்றால் சுவரை விட்டுவிட்டு, கூரையை மட்டும் முடித்து, சுற்றிலும் தார்ப்பாய் கட்டிவிட்டு மழை ஓயும்வரை காத்திருங்கள். சுவரில்லாத கூரை நிற்கும். கூரையில்லாத மண்சுவர் கரைந்து போகும்.

இடமும் காற்றும்

இங்கே வீடு கட்டுகிறவருக்கு முதல் எதிரி காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்திருக்கிற கணவாயின் வாயில் உட்கார்ந்திருக்கிறோம். கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைத்திருப்பது சும்மா இல்லை. ஆனி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து அடிக்கும். கார்த்திகைக்கு மேல் தை முடிய, கிழக்கிலிருந்து வறண்டு, புழுதியோடு அடிக்கும். ஆக, காற்று வருவது இரண்டே திசையில்தான். சாளையின் நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும், குறுகிய பக்கம் காற்றைப் பார்க்கட்டும். வாசல் தெற்கிலோ வடக்கிலோ இருக்கட்டும். கிழக்கு வாசல்தான் வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் வையுங்கள். ஆனால் வாசலுக்கு முன்னால் ஒரு தட்டி மறைப்பு இல்லாமல் தை மாதம் உள்ளே விளக்கு நிற்காது.

தென்னை மரத்தடியில் கட்டாதீர்கள். நிழல் குளுகுளு என்றுதான் இருக்கும். ஒரு நெற்று விழுந்தால் ஓடு நாலு போகும், ஆள் இருந்தால் தலை போகும். வரிசைக்கு நடுவே மட்டை எட்டாத இடமாகப் பாருங்கள். இல்லாவிட்டால் தோப்பு ஓரத்துக்கு வந்துவிடுங்கள். மழை நாளில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

அளவு

முதல் சாளைக்கு 10 அடிக்கு 14 அடி போதும். இரண்டு கட்டில், ஒரு அலமாரி, நடக்க இடம். நாலு பக்கமும் சரிகிற கூரை போடுங்கள். காற்றுக்கு முக்கோணச் சுவர் காட்டாத கூரை அதுதான்.

மூலைகளுக்கு முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 அடி, மறு பக்கம் 8 அடி அளந்து குறித்தால், இரண்டு குறிக்கும் நடுவே சரியாக 10 அடி வர வேண்டும். வந்தால் மூலை சரியான செங்கோணம். கடைசியாக இரண்டு குறுக்களவும் பாருங்கள்: 10க்கு 14 என்றால் இரண்டும் 17 அடி இரண்டரை அங்குலம் இருக்க வேண்டும். இங்கே ஒரு அங்குலம் விட்டால் கூரையில் அது நாலு அங்குலமாகத் தெரியும். மேடை மட்டத்துக்கு வேறு கருவி வேண்டாம், தண்ணீர் ஊற்றிய டியூப் போதும்.

கால்

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கே கரிசல் உண்டு. கேரளத்தில் வேறெங்கும் இல்லாத மண். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் ஊதும். இதன்மேல் கனமான செங்கல் அஸ்திவாரம் போட்டால் சுவர் விரிசல் விட்டுக்கொண்டே இருக்கும். கால் ஊன்றிய இலகுவான சாளை அந்த ஆட்டத்தைத் தாங்கிக்கொள்ளும்.

மரக்காலையோ மூங்கிலையோ நேராக மண்ணில் ஊன்றவே கூடாது. தார் பூசினாலும், எஞ்சின் ஆயில் ஊற்றினாலும், கரையானுக்கு அது கொஞ்ச நாள் தள்ளிப்போட்ட சாப்பாடு. நம் ஊரில் இதற்குக் கைவசம் இருக்கும் வழி கல்லுக்கால். வேலிக்கும் பந்தலுக்கும் நடுகிற அதே கருங்கல். அரையடிக்கு அரையடி கனத்தில் 5 அடி உயரக் கல் எட்டு வேண்டும். ஒவ்வொன்றும் 90 கிலோவுக்கு மேல் வரும். இரண்டு பேர் சாய்த்து நடத்திக் கொண்டுபோகலாம். தலையில் இரண்டு துளை போட்டுத் தரச் சொல்லி வாங்குங்கள். தோட்டத்தில் வைத்து நீங்களே துளை போட நினைத்தால் நாள் முழுக்கப் போகும்.

நீளப் பக்கத்தில் 0, 5, 9, 14 அடியில் நான்கு நான்காகக் கல் வரும். ஏன் இந்தக் கணக்கு என்பது கூரையில் புரியும். குழி 3 அடி ஆழம் எடுத்து, அடியில் ஒரு அடி ஜல்லி கொட்டி இடித்து, கல்லை நிறுத்தி, தூக்குக்குண்டு பார்த்து, சுற்றிலும் கிராவல் போட்டு நாலு விரல் உயரத்துக்கு ஒருமுறை கடப்பாறையால் குத்துங்கள். தோண்டிய கரிசலைத் திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். 2 அடி மண்ணுக்குள், ஒன்றரை அடி மேடைக்குள், மீதி ஒன்றரை அடி வெளியே. இந்த வெளித்துண்டில்தான் மரக்காலைப் பக்கவாட்டில் வைத்து இரண்டு போல்ட் முடுக்கப் போகிறோம். மரத்தின் அடி, தரையிலிருந்து அரையடி தூக்கியே நிற்கட்டும். கரையான் கல்மேல் மண்கோடு இழுத்து ஏறும்தான், ஆனால் அது வெளியே கண்ணுக்குத் தெரியும், விரலால் தட்டிவிடலாம்.

மேடைக்குச் சுற்றிலும் கல் அடுக்கி, உள்ளே செம்மண்ணோ கிராவலோ அரையடி அரையடியாக நிரப்பி, தண்ணீர் தெளித்துத் திமிசு போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டி இடித்தால் மேலே மட்டும் இறுகும், அடியில் பொல்லென்று இருக்கும்.

பனையும் மூங்கிலும்

காலுக்கும் விட்டத்துக்கும் கைமரத்துக்கும் (முகட்டிலிருந்து சரிந்து இறங்கும் சட்டம்) இங்கே பனைதான். முற்றிய மரத்தின் வெளிவட்டம் மட்டும் கருத்து வைரம் பாய்ந்திருக்கும். நடுவே இருப்பது சோறு, எதற்கும் ஆகாது. அறுத்த சட்டத்தை வாங்கும்போது குறுக்கு வெட்டைப் பாருங்கள். கருப்பு நரம்புகள் நெருங்கி இருந்தால் எடுங்கள். வெளுத்து, நகம் இறங்கினால் வைத்துவிடுங்கள். பனையில் துளை போடாமல் ஆணி அடிக்கப் பார்த்தால் ஆணி மடங்கும், இல்லை சட்டம் பிளக்கும். சிராய் வேறு கையில் ஏறும், அதை எடுப்பது பெரிய பாடு. ட்ரில் மெஷினும் கையுறையும் இல்லாமல் பனையில் கை வைக்காதீர்கள். மேலே பூச முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய் கேரளத்தில் பழைய வழக்கம், பூச்சி அண்டாது. தோலில் பட்டால் பொத்துவிடும், அவ்வளவு காரம்.

மூங்கில் வரிச்சுக்கும் (கைமரங்களுக்குக் குறுக்கே கட்டும் கழி) தட்டிக்கும். மூன்று வருடத்துக்குக் குறைந்த இளங்கழி வேண்டாம். மழைக்காலத்தில் வெட்டியதில் மாவுச்சத்து அதிகம், வண்டு துளைத்து உளுத்துக் கொட்டும். தேய்பிறையில் வெட்டுவது என்ற வழக்கத்தை நான் மறுப்பதில்லை, ஆனால் அதை மட்டும் நம்புவதும் இல்லை. 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ வெங்காரம் (கடையில் போராக்ஸ் என்று கேளுங்கள்), 2 கிலோ போரிக் ஆசிட் கரைத்து, கணுக்களுக்குள் கம்பி விட்டுத் துளைத்த கழிகளை ஒரு வாரம், பத்து நாள் முழுக்க அமிழ்த்தி வையுங்கள். குழி வெட்டித் தார்ப்பாய் விரித்தால் அதுவே தொட்டி. மாடு, நாய் வந்து குடிக்காதபடி மூடி வையுங்கள், மீந்த தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் ஊற்றாதீர்கள். அப்புறம் நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் நெடுக வெடிக்கும்.

கூரைக்கட்டு

எட்டுக் கால்களின் தலையிலும் சுற்றி விட்டம் ஓடும். நடுவில் இருக்கும் இரண்டு ஜோடிக் கால்களுக்குக் குறுக்கே இரண்டு விட்டம் போடுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குத்துக்கால், இரண்டு குத்துக்கால்களின் மேல் முகட்டு வளை. நாலு பக்கமும் ஒரே சரிவு என்றால் 14 அடி நீளத்தில் முகடு 4 அடிதான் வரும். அதற்காகத்தான் 5, 9 என்ற கணக்கு. முகட்டின் இரு நுனியிலிருந்தும் மூலைகளுக்கு நான்கு மூலைக் கைமரங்கள் இறங்கும்.

சரிவு எவ்வளவு என்பது மேலே என்ன போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஓலைக்கு 45 டிகிரி வேண்டும். அதற்குக் குறைந்தால் தண்ணீர் ஓடாமல் ஓலைக்குள் ஊறும். மங்களூர் ஓட்டுக்கு 30 டிகிரி போதும். 45 டிகிரி என்றால் குத்துக்கால் 5 அடி; சாதாரணக் கைமரம் தாவாரம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரம்) சேர்த்து 10 அடி; மூலைக் கைமரம் 12 அடிக்கு மேல், 13 அடியாக வாங்குங்கள். இன்னொரு கணக்கையும் மறக்க வேண்டாம். தாவாரம் 2 அடி வெளியே வந்தால் 45 டிகிரியில் 2 அடி கீழேயும் இறங்கும். விட்டம் தரையிலிருந்து 8 அடி உயரத்தில் இருந்தால்தான் தாவாரம் 6 அடியில் நிற்கும். விட்டத்தை 7 அடியில் வைத்துவிட்டுப் பிறகு ஒவ்வொரு முறையும் குனிந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தாவாரத்தை 2 அடிக்கு மேல் நீட்டவும் வேண்டாம், காற்று அடியில் கைவிட்டுத் தூக்கும்.

இங்கேதான் நிதானம் வேண்டும். கூரை தன் கனத்தால் உட்கார்ந்திருக்கும் என்பது நம் ஊரில் நடக்காது. ஒவ்வொரு கைமரத்தையும் விட்டத்தோடு தடித்த ஜிஐ கம்பியால் இரட்டையாகச் சுற்றி முறுக்குங்கள், அல்லது துளையிட்ட இரும்புப் பட்டையை வளைத்துத் திருகாணி போடுங்கள். விட்டத்தைக் காலோடு போல்ட் போட்டு முடுக்குங்கள். கால் கல்லோடு ஏற்கெனவே போல்ட்டில் இருக்கிறது. முகட்டிலிருந்து கல் வரைக்கும் ஒரே பிடியாக வந்துவிட வேண்டும். நடுவில் ஒரு இடம் ஆணி மட்டும் என்றால் காற்று அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடும். பிறகு ஒவ்வொரு மூலையிலும் இரு பக்கமும் காலிலிருந்து விட்டத்துக்குச் சாய்வாக ஒரு முட்டுச் சட்டம். முட்டில்லாத கூட்டை ஒரு ஆள் தோளால் தள்ளினாலே ஆடும். வைத்தபின் தள்ளிப் பாருங்கள்.

மூங்கில் வரிச்சுக்கு ஆணி கூடாது. துளைத்துக் கட்டுங்கள், கணுவை ஒட்டியே அறுங்கள்.

ஓலையா, ஓடா

தோப்பிலேயே குடியிருப்பவருக்கு ஓலை. சனி, ஞாயிறு மட்டும் வருபவருக்கு ஓடு. இதுதான் என் கணக்கு. ஓலை ஆள் நடமாட்டம் கேட்கும்: வருடா வருடம் தென்னங்கீற்றை மாற்றவோ மேலே ஒரு அடுக்கு போடவோ வேண்டும், பனையோலை என்றால் மூன்று நாலு வருடம் ஓடும்.

தென்னங்கீற்றுக்கு ஓலையை நடுநரம்போடு இரண்டாகப் பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு முடையுங்கள். காய்ந்த ஓலை முடையும்போதே ஒடியும். இந்த அளவுச் சாளைக்குக் கூரைப் பரப்பு 356 சதுர அடி வருகிறது. 5 அடிக் கீற்றைப் பக்கவாட்டில் ஒரு அடி ஏற்றி, அரையடிக்கு ஒரு வரிசையாக வேய்ந்தால் 200 கீற்று கைவசம் வேண்டும். தாவாரத்திலிருந்து மேலே போங்கள். எந்த இடத்தில் விரல் விட்டாலும் மூன்று அடுக்கு தட்டுப்பட வேண்டும். பனைநார் அல்லது தேங்காய் நார்க் கயிற்றால் ஒவ்வொரு கீற்றையும் இரண்டு இடத்தில் வரிச்சோடு இழுத்துக் கட்டுங்கள். எங்கள் பக்கம் ஓலை வேய்கிற பெரியவர் ஒருவர் புதுப் பையன்களிடம் சொல்வார்: "கண்ணு, காத்து ஓலையத் தூக்காது, இடுக்கைத்தான் தூக்கும்." முடிந்ததும் பழைய மீன்வலையோ நைலான் வலையோ மேலே போர்த்தி நாலு பக்கமும் விட்டத்தில் கட்டிவிடுங்கள். ஒழுகல் பெரும்பாலும் முகட்டில்தான் தொடங்கும். அங்கே ஓலையை இரண்டு மடங்கு மடித்துப் போடுங்கள்.

மங்களூர் ஓடு பழையதே வாங்கலாம். பாலக்காட்டில் தறவாட்டு (பரம்பரைக் குடும்ப) வீடுகளை இடித்து மாடி எழுப்பும் இடமெல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். சுண்டினால் கணீரென்ற சத்தம் வரும் ஓட்டை எடுங்கள்; மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். 30 டிகிரி சரிவில் பரப்பு 291 சதுர அடி, 100 சதுர அடிக்கு 150 ஓடு வைத்தால் 450 வரை ஆகும். மூலைகளில் வெட்டும்போது உடைவதற்கு இன்னும் கொஞ்சம் வையுங்கள். மொத்தக் கனம் ஒரு டன்னைத் தாண்டும், அதனால் கைமரம் நெருக்கமாக வர வேண்டும். ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) இடைவெளியைக் கையில் இருக்கும் ஓட்டை இரண்டு வரிசை அடுக்கிப் பார்த்தே முடிவு செய்யுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தாவாரத்து வரிசைகளை ஓட்டின் காதுத் துளை வழியே கம்பியால் கட்டுங்கள். முகட்டு ஓடும் மூலை ஓடும் சுண்ணாம்புச் சாந்தில் உட்காரட்டும்.

வெறும் தகரம் வேண்டாம். பங்குனி மதியம் உள்ளே ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் காரணம் தெரியும். தகரம்தான் முடியும் என்றால் மேலே ஓலை போடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டைத் தொடாதீர்கள், அறுக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்கு எமன்.

சுவர்

கரிசல் சுவருக்கு ஆகாது. செம்மண் கொண்டுவாருங்கள். அதை ஈரமாக்கிக் கைப்பிடி உருண்டை பிடித்து, தோள் உயரத்திலிருந்து தரையில் போடுங்கள். பொடியாகச் சிதறினால் பசை குறைவு. தட்டையாக அப்பிக்கொண்டால் பசையோ தண்ணீரோ அதிகம், மணல் சேர்க்க வேண்டும். நாலைந்து துண்டாக உடைந்தால் சரியான பதம். வைக்கோலை நாலு விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு மிதியுங்கள்.

கால்களுக்கு நடுவே மூங்கில் பிளாச்சுகளைப் பின்னித் தட்டி கட்டி, உள்ளே ஒருவர் வெளியே ஒருவர் நின்று ஒரே உயரத்தில் மண்ணை எறிந்து அப்புங்கள். இரண்டு பக்க மண்ணும் தட்டியின் சந்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். தடவினால் பிடிக்காது, எறிந்தால்தான் பிடிக்கும். மொத்தம் 5 அங்குலம் போதும். காயும்போது வெடிக்கும். பதற வேண்டாம், வெடிப்பை நனைத்து இரண்டாவது பூச்சில் அடைத்துவிடலாம். கடைசிப் பூச்சுக்கு மணலும் சாணமும் கூடுதல், அதன்மேல் சுண்ணாம்பு. சிமென்ட் பூசாதீர்கள், மண்சுவரோடு ஒட்டாமல் பாளம் பாளமாகக் கழன்று விழும்.

சுவருக்கும் கூரைக்கும் நடுவே சூடு வெளியேற ஒரு அடி விடலாம், ஆனால் தெற்கிலும் வடக்கிலும் மட்டும். கிழக்கு மேற்கில் விட்டால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும். சன்னலும் எதிரெதிராக அந்த இரண்டு பக்கமே. தரைக்குச் செம்மண் இடித்துச் சாணம் மெழுகினால் போதும், அல்லது பழைய தரை ஓடு பதியுங்கள்.

நெருப்பு, யானை, பராமரிப்பு

ஓலைச் சாளைக்குள் அடுப்பு வேண்டாம். காற்று கிழக்கு மேற்காகத்தான் ஓடும் என்பதால், வாசல் தெற்கே என்றால் அடுப்பை வடக்கே 20 அடி தள்ளி வையுங்கள். மின்கம்பி குழாய்க்குள்தான் போக வேண்டும், ஓலையைத் தொட்டு ஒரு அங்குலம்கூட வரக் கூடாது. ஒரு டிரம் தண்ணீரும் வாளியும் எப்போதும் வெளியே இருக்கட்டும்.

வாளையாறு, மலம்புழா, அட்டப்பாடிக் காட்டோரம் என்றால் அரிசி, உப்பு, பலாப்பழம் எதையும் சாளைக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வாசம் பிடித்து வரும் யானைக்குச் சுவர் ஒரு பொருட்டே இல்லை.

முதல் வருடம் கழிந்ததும் போல்ட்களை ஒருமுறை முடுக்குங்கள். மரம் காய்ந்து சுருங்கியிருக்கும், எல்லாம் கால் சுற்றாவது ஏறும். பிறகு வருடம் இரண்டு முறை, வைகாசி பிறக்கும் முன்பும் ஐப்பசியிலும், கம்பிக்கட்டுகளையும் கல்லுக்கால்களின் மேல் கரையான் கோட்டையும் பார்த்தால் போதும்.